கோட்டிசோன் கைவிட்ட பின்

மனிதனுடைய குருதியிலே செங்குழியங்களும் வெண்குழியங்களும் மிதந்து செல்வது பலரும் அறிந்த செய்தி. அவற்றோடு, அவற்றினும் மிகச் சிறியனவான எண்ணற்ற துணிக்கைகளும் செல்கின்றன. குருதிச் சிறுதட்டுக்கள் என்பது அவற்றின் பெயர். குருதிக் குழாய் எங்கேனும் கிழிந்தால், முதலில் விரைந்து சென்று அவ்விடத்தில் ஒட்டி உடைப்பை அடைப்பவை இவையே. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் இவை 1,50,000க்குக் குறையாமல் இருத்தல் இயல்பு. இலங்கையில் டெங்குக் காய்ச்சல் பெருகிய பின்னர், வைத்தியசாலைக் கட்டிலின் அருகே நின்று இந்த எண்ணிக்கையைக் கவலையோடு விசாரித்த குடும்பங்கள் பல. டெங்கில் இறங்கிய எண்ணிக்கை, காய்ச்சல் நீங்கிய சில நாட்களில் தானே ஏறிவிடும். ஆனால் காய்ச்சலோ வேறு வெளிப்படையான காரணமோ இன்றி, எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இறங்கி, மாதக்கணக்காக, சிலருக்கு ஆண்டுக்கணக்காக, அங்கேயே நின்றுவிடும் நோய் ஒன்று உண்டு. தோலிலே ஊசிமுனை போன்ற செம்புள்ளிகள் தோன்றும். முரசிலும் மூக்கிலும் குருதி கசியும். பெண்களுக்கு மாதவிலக்குப் பெருகி உடல் வெளிறும். அரிதாக மூளையினுள்ளே குருதி கசிந்து உயிரையே கொண்டுபோவதும் உண்டு. நிர்ப்பீடனச் சிறுதட்டுக் குறைவு நோய் என்று இக்கால வைத்தியர் இதனை அழைப்பர்.

இந்நோய்க்கு முதலிற் கொடுக்கப்படும் மருந்து கோட்டிசோன் இனத்தைச் சேர்ந்த ஸ்டீரொயிட்டு. வளர்ந்தோருள் பெரும்பாலானோருக்கு அதனால் ஓரிரு கிழமைகளில் எண்ணிக்கை ஏறுகிறது. மருந்தைக் குறைத்ததும் அவர்களுட் பலருக்கு மீண்டும் இறங்குகிறது. அதன்பின் செய்யத்தக்கது யாது? இந்த வினாவின் வரலாறு சற்று விசித்திரமானது. ஏனெனில், இரண்டாவதாகக் கைக்கொள்ளப்படும் சிகிச்சை முதலாவதாகக் கைக்கொள்ளப்படும் சிகிச்சைக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் மூத்தது.

யேர்மனியில் ஹனோவர் நகர வைத்தியரான போல் கொத்லீப் வேர்ல்ஹோப் என்பவர் 1735ஆம் ஆண்டிலே இந்நோயைத் தனியொரு நோயாக எடுத்து விவரித்தார். நெடுங்காலம் அது அவர் பெயராலேயே வழங்கிவந்தது. ஆயினும் புள்ளிகள் ஏன் தோன்றுகின்றன என்பதை அறியும் வழி அவருக்கு இருக்கவில்லை. சிறுதட்டுக்கள் குருதியை நிறுத்தும் தொழிலைச் செய்கின்றன என்பதை இத்தாலியின் தூரின் நகரில் ஜூலியோ பிற்சொசேரோ 1882இல் எடுத்துக்காட்டினார். அதன் பின்னரே இந்நோயாளரின் குருதியில் அவை அருகியிருப்பது புலனாயிற்று. நோய்க்குப் பெயர் கிடைத்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்பே அதன் அடையாளம் கண்ணுக்குத் தெரிந்தது எனலாம்.

அடையாளம் தெரிந்ததும் வழக்கு ஒன்று எழுந்தது. சிறுதட்டுக்கள் குறைவதற்குக் காரணம் உற்பத்தி குன்றுவதா, அன்றி உற்பத்தியானவை அழிவதா? சிறுதட்டுக்கள் பிறப்பது என்பு மச்சையிலுள்ள பெருங்கலங்களில் என்பது 1906இல் அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் ஹோமர் றைற் காட்டிய உண்மை. பிரெசுலாவ் நகரில் பணியாற்றிய எரிக் பிராங்க் என்ற வைத்தியர், அப்பெருங்கலங்கள் நஞ்சூட்டப்பட்டுத் தொழில் குன்றிக் கிடக்கின்றன என்று 1915இல் வாதித்தார். உலையிலே நெருப்பு அவிந்தமையால் பண்டம் இல்லை என்பது அவர் கட்சி.

மறு கட்சியை எடுத்தவர் ஒரு மாணவர். அக்காலத்தில் ஒஸ்திரிய ஹங்கேரிய இராச்சியத்தைச் சேர்ந்திருந்த பிராக் நகரத்தின் யேர்மன் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்றுகொண்டிருந்த போல் கஸ்னெல்சன் என்பவரே அவர். செங்குழியங்கள் அழிவதால் உண்டாகும் ஒருவகைச் சோகைநோயில், மண்ணீரலை வெட்டியகற்றினால் நோய் தணிவதை அக்காலச் சத்திரவைத்தியர் அறிந்திருந்தனர். பழுதடைந்த செங்குழியங்களைப் பிடித்து அழிக்கும் இடம் மண்ணீரல். செங்குழியத்துக்கு அது கல்லறையாகுமாயின், சிறுதட்டுக்கும் ஏன் ஆகலாகாது? மாணவரின் சிந்தனை இவ்வளவுதான். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பர்; பிராக்கிலே மாணவன் சொல் சத்திரசிகிச்சை மேடை ஏறிற்று. ஹேர்மன் ஷ்லோபர் என்னும் பேராசிரியரை அவர் இணங்கச் செய்தார். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916ஆம் ஆண்டிலே, நெடுங்காலமாக இந்நோயால் வருந்திய 36 வயதுப் பெண் ஒருத்தியின் மண்ணீரல் அகற்றப்பட்டது. சில நூறு எனக் கணிக்கப்பட்டிருந்த அவளுடைய சிறுதட்டுக்கள் 5,00,000 வரை ஏறின. புள்ளிகள் மறைந்தன.

ஷ்லோபர் பெயர்பெற்ற சத்திரவைத்தியர். மூக்கின் வழியே சென்று மூளையடியிலுள்ள கபச் சுரப்பியின் கட்டியை முதன்முதல் அகற்றியவர் அவரே. அத்தகைய ஒருவர் பட்டம் பெறாத மாணவனுடைய தர்க்கத்துக்குக் காது கொடுத்தார் என்பது வைத்திய வரலாற்றிலே அடிக்கடி நிகழாத ஒன்று. அவர் மறுத்திருந்தால் அப்பெண்ணுக்குக் கொடுக்க வேறு எந்த மருந்தும் அன்று உலகில் இருக்கவில்லை.

இந்தச் சத்திரசிகிச்சை விரைவிலே ஐரோப்பாவெங்கும் அமெரிக்காவெங்கும் பரவிற்று. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு இந்நோய்க்கு உரிய சிகிச்சை என்று சொல்லத்தக்கது அது ஒன்றே. பலர் பிழைத்தனர். பிழையாதவரும் இருந்தனர். வயிற்றைக் கிழித்து உறுப்பையும் இழந்த பின்னர் எண்ணிக்கை அசையாமலே கிடந்த நோயாளரும், ஏறிய எண்ணிக்கை சில மாதங்களில் மீண்டும் சரிந்த நோயாளரும் எங்கும் காணப்பட்டனர். கஸ்னெல்சன் சொன்னது முழுவதும் உண்மையானால் இவர்கள் ஏன் குணமடையவில்லை என்று பிராங்கின் கட்சியார் கேட்டனர். அவ்வினாவுக்கு விடை ஒரு மனிதனுடைய கையின் நாளம் வழியாக வந்தது.

வில்லியம் ஹாரிங்டன் ஐக்கிய அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள பார்ன்ஸ் வைத்தியசாலையில் குருதியியல் பயின்ற இளம் வைத்தியர். பொஸ்ரனில் மாணவராயிருந்த காலத்திலே, மண்ணீரல் அகற்றப்பட்ட பின்னும் குருதி நில்லாமல் இளம்பெண் ஒருத்தி இறந்ததைக் கண்டவர். அந்த மரணம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. இந்நோயுள்ள தாய்மார் பெறும் குழந்தைகளுக்கும் பிறந்த சில கிழமைகளுக்குச் சிறுதட்டுக்கள் குறைந்திருந்து பின்னர் தாமே பெருகுவதையும் அவர் கருத்திற்கொண்டார். தாயின் குருதியிலுள்ள ஏதோவொரு பொருள் கருவுக்குட் கடந்து, சில காலம் தங்கி, பின் தேய்ந்து போகிறது என்றே அதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருந்தது. அப்பொருள் மெய்யாகவே உண்டாயின், நோயாளியின் குருதியை நோயற்ற ஒருவருக்கு ஏற்றினால் அவருக்கும் நோய் வரவேண்டும்.

யாருக்கு ஏற்றுவது? 1950ஆம் ஆண்டில் ஹாரிங்டனும் அவருடைய தோழர் ஜேம்ஸ் ஹொலிங்ஸ்வேர்த்தும் தம்முள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். நோயாளியின் குருதி வகை இருவருள் எவருடையதோடு பொருந்துகிறதோ அவரே அதை ஏற்பது என்பது உடன்பாடு. பொருந்தியது ஹாரிங்டனுக்கு. ஏறக்குறைய அரை லீற்றர் குருதி அவர் உடலிற் செலுத்தப்பட்டது. சில மணி நேரத்துக்குள் அவருடைய சிறுதட்டுக்கள் அபாயகரமான அளவுக்கு வீழ்ந்தன. வலிப்பும் கண்டது. தோலெங்கும் செம்புள்ளிகளும் கன்றல்களும் தோன்றின. மூளையிலோ குடலிலோ குருதி கசியுமோ என்று அஞ்சித் தோழர்கள் அவரைக் கட்டிலிற் கிடத்திக் காவல் இருந்தனர். அந்த நிலையிலும் அவர் மார்பெலும்பிலிருந்து மச்சை எடுத்துப் பார்க்கப்பட்டது. அங்கே பெருங்கலங்கள் குறையின்றி இருந்தன. நான்கைந்து நாட்களில் எண்ணிக்கை தானே ஏறிற்று.

இக்காலத்தில் எந்த ஒழுக்கநெறிக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தராமையே முறை. அன்று அவ்வைத்தியசாலையிலே வேறு பலரும், துறைத் தலைவரான கார்ல் மூர் உட்பட, முன்வந்து தம் உடலிலும் நோயாளரின் குருதியை ஏற்றிக்கொண்டனர். 1951இல் வெளியான அறிக்கையின்படி, அவ்வாறு ஏற்றுக்கொண்ட 10 பேருள் 8 பேருக்கு எண்ணிக்கை வீழ்ந்தது. இருவருக்கு வீழவில்லை. நோயாளர் எல்லாருடைய நோயும் ஒரே இயல்பினதன்று என்பதற்கு அந்த இருவரும் அப்பொழுதே சாட்சி கூறினர்.

குருதியில் இருந்த அந்தப் பொருள் பிறபொருளெதிரி இனத்தது என்பதை 1965இல் ஷுல்மன் என்பவரும் அவர் தோழரும் நிறுவினர். வெளியிலிருந்து வரும் கிருமியைக் குறிவைத்துப் பிடிக்க வேண்டிய பிறபொருளெதிரி, சொந்தச் சிறுதட்டின் மீதே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டப்பட்ட சிறுதட்டை மண்ணீரல் விழுங்குகிறது. சிலரில் ஈரலும் அத்தொழிலைச் செய்கிறது. மண்ணீரலை இழந்த பின்னும் சிலர் குணமடையாமைக்கு இது காரணமாகிறது. காவலன் ஒருவனை நீக்கினால் மற்றொருவன் கொல்லத்தான் செய்வான். நோயின் பெயரிலிருந்த ‘காரணமறியா’ என்னும் அடை நெடுங்காலம் ஒட்டியிருந்து, 2009இல் வெளியான பன்னாட்டு நிபுணர் குழுவின் அறிக்கையாலேயே முறையாக நீக்கப்பட்டு, ‘நிர்ப்பீடன’ என்னும் அடை அவ்விடத்தைப் பெற்றது.

ஹாரிங்டனின் பரிசோதனை நடந்த அதே காலத்திலேதான் கோட்டிசோன் வந்தது. 1948இல் மேயோ வைத்தியசாலையிலே பிலிப் ஹெஞ்ச் அதனை மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்ததும், எழுந்து நடக்கமாட்டாதவர் நடந்ததும், 1950இல் அதற்கு நோபெல் பரிசு கிடைத்ததும் உலகறிந்தவை. 1951ஐ அண்டிய ஆண்டுகளில் சிறுதட்டுக் குறைவு நோயாளருக்கும் அது கொடுக்கப்பட்டது. எண்ணிக்கை ஏறிற்று. கத்தி வேண்டாம், குளிசை போதும் என்னும் மகிழ்ச்சி பரவிற்று. இவ்வாறுதான் இளையது முதலிடத்தையும் மூத்தது இரண்டாமிடத்தையும் பெற்றன.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. குளிசையை நிறுத்தினால் எண்ணிக்கை இறங்கிற்று. நிறுத்தாவிட்டால் உடல் கெட்டது. முகம் வட்டமாக வீங்கும். சீனி நோய் தலைகாட்டும். எலும்பு உக்கும். உறக்கம் கெடும், மனம் தடுமாறும், தொற்றுநோய்கள் இலகுவிற் பற்றும். நோயினால் வருந்தியதிலும் மருந்தினால் வருந்தியது அதிகம் என்று சொல்லும் நோயாளரைக் குருதியியல் வைத்தியர் எல்லாரும் அறிவர். இந்நோயின் சிகிச்சை வரலாற்றில் மிகுதியான தீங்கு விளைத்தது ஏதேனும் ஒரு தவறான மருந்தன்று, சரியான மருந்தை உரிய காலத்தில் நிறுத்தாமையே என்று கூறினால் மிகையாகாது. எண்ணிக்கை தாளில் அழகாக இருப்பதற்காக மனிதனை ஆண்டுக்கணக்காக மருந்திலே ஊறவைப்பது எளிது. அடுத்து என்ன என்று சிந்திப்பது கடினம்.

அடுத்து என்ன என்பதற்கு அன்றிருந்த விடை மண்ணீரலே. அதன் மீதும் 1952இல் ஒரு கருநிழல் விழுந்தது. குழந்தைப் பருவத்தில் மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுட் சிலருக்குத் திடீரெனக் கடுந்தொற்று உண்டாவதை அமெரிக்கச் சத்திரவைத்தியர்களாகிய கிங், ஷூமாக்கர் என்போர் அறிவித்தனர். குருதியிற் கலந்த கிருமிகளை வடித்தெடுப்பதும் மண்ணீரலின் தொழில் என்பது அதனால் விளங்கிற்று. பிற்காலத்தில் நியுமோகொக்கசு முதலிய கிருமிகளுக்குத் தடுப்பூசிகள் வந்தமையால் இவ்வபாயம் குறைந்தது, அறவே ஒழியவில்லை. மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் கண்டால் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்திருத்தல் ஆகாது என்பது ஆயுள் முழுவதற்கும் உரிய விதி. மலேரியா உள்ள நாடுகளிலே மண்ணீரலின் இழப்பு மேலும் ஓர் அபாயத்தைத் தரும். இலங்கை மலேரியா ஒழிந்த நாடென 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றபடியால், இங்குள்ளவர்க்கு அந்தக் கவலை வெளிநாட்டுப் பயணத்தின்போதே எழும்.

இதற்கிடையில், நிர்ப்பீடனத்தை ஒடுக்கும் மருந்துகள் பல ஒன்றன்பின் ஒன்றாகப் பரீட்சிக்கப்பட்டன. அசதியோப்பிரின், வின்கிறிஸ்டின் என நீளும் அவற்றின் பட்டியல் இங்கு வேண்டுவதில்லை. 1983இல் டனசோல் என்னும் மருந்து இந்நோயிற் பயன் தருவதை மயாமி நகரிலிருந்து அறிவித்தோருள் ஹாரிங்டனும் ஒருவர் என்பதை மட்டும் குறிப்பிடலாம். முப்பது ஆண்டுகளின் பின்னும் அவர் அதே வினாவோடு போராடிக்கொண்டிருந்தார்.

சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலே நடந்த ஒரு நிகழ்ச்சி யாரும் எதிர்பாராத திருப்பம். குழந்தை வைத்தியராகிய போல் இம்பாக்கிடம் 12 வயதுச் சிறுவன் ஒருவன் கடும் நோயோடு இருந்தான். நெடுநாள் கொடுத்த நிர்ப்பீடன ஒடுக்கு மருந்துகளால் அவன் குருதியிலே பிறபொருளெதிரிகள் குன்றிவிட்டன. தொற்றிலிருந்து அவனைக் காப்பதற்காக, பலருடைய குருதியிலிருந்து திரட்டிய பிறபொருளெதிரிப் புரதம் நாளத்தின் வழியே ஏற்றப்பட்டது. கொடுத்தது ஒன்றுக்காக, நிகழ்ந்தது மற்றொன்று. ஒரு நாளைக்குள் சிறுதட்டுக்கள் விரைந்து ஏறின. வேறு குழந்தைகளிலும் அவ்வாறே நிகழ்வதைக் கண்டு, 13 குழந்தைகளின் விவரத்தை அவரும் தோழரும் 1981இல் வெளியிட்டனர். பிறபொருளெதிரியால் வந்த நோயைப் பிறபொருளெதிரியே தணிக்கிறது. மண்ணீரலின் வாயிலை வெள்ளம்போல் வந்த புரதம் அடைத்துவிட, சிறுதட்டுக்கள் தப்பிப் பிழைக்கின்றன என்பது அதற்குக் கூறப்பட்ட முதல் விளக்கம்.

குருதி பெருகி உயிர் ஊசலாடும் வேளையிலும், அவசர சத்திரசிகிச்சைக்கு முன்னரும், பிரசவ காலத்திலும் இம்மருந்துக்கு நிகரில்லை. ஆயினும் அதன் பயன் சில கிழமைகளே நிற்பது. விலையோ மிக அதிகம். ஆற்றைக் கடக்கும் தோணி அது. குடியிருக்கும் வீடு அன்று.

வீடு தேடும் முயற்சி இருவழியாற் சென்றது. பிறபொருளெதிரியை உண்டாக்கும் வெண்குழியங்களையே நீக்கிவிடுவது ஒரு வழி. நிணநீர்ப் புற்றுநோய்க்கென 1997இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து அதற்குப் பயன்பட்டது. கிழமைக்கு ஒரு முறையாக நான்கு முறை நாளத்திலே ஏற்றுவது வழக்கம். ஏறக்குறைய 5 பேரில் 3 பேருக்கு எண்ணிக்கை ஏறுகிறது. ஆனால் 5 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், மருந்து பெற்ற வளர்ந்தோருள் 5 பேரில் ஒருவரே நலன் நீடிப்பவராக எஞ்சுகின்றார் என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டிற்று. முன்பு ஈரல் அழற்சி பி கிருமி தொற்றியிருந்தவருக்கு இம்மருந்து அக்கிருமியைத் துயிலெழுப்பிவிடும். ஆதலால் அதற்குரிய பரிசோதனை முற்படச் செய்யப்படுதல் கட்டாயம்.

மற்றை வழி, பழைய பிராங்கின் வழி. அழிவது அழியட்டும், உற்பத்தியைப் பெருக்கினால் என்ன? செங்குழிய உற்பத்தியைத் தூண்டும் ஓமோன் இருப்பதுபோலச் சிறுதட்டுக்கும் ஒன்று இருத்தல் வேண்டும் என்று கருதி, அதற்குத் திரொம்போபொயெற்றின் என்னும் பெயரை 1958இல் இட்டனர். பெயர் பிறந்து 36 ஆண்டுகளின் பின், 1994இலே, பொருள் கைக்கு அகப்பட்டது. பல ஆய்வுக்கூடங்கள் ஒரே ஆண்டில் அதனைப் பிரித்தெடுத்தன. நோயாளரில் அந்த ஓமோன் எதிர்பார்த்தபடி உயர்ந்திருக்கவில்லை. ஏறக்குறைய இயல்பான அளவிலேயே இருந்தது. உலை முழுவீச்சில் எரியவில்லை என்பதே அதன் கருத்து. நாற்பது ஆண்டுகள் தோற்றவராகக் கருதப்பட்ட பிராங்கும் ஒரு பங்கு உண்மையைச் சொல்லியிருந்தார்.

செயற்கையாகச் செய்த ஓமோனை மனிதருக்குக் கொடுத்தபோது பெரும் விபரீதம் நேர்ந்தது. யாதொரு நோயும் இல்லாத தொண்டர்களுட் சிலரின் உடல், வந்த ஓமோனுக்கு எதிராகப் பிறபொருளெதிரி உண்டாக்கிற்று. அப்பிறபொருளெதிரி அவர்களுடைய சொந்த ஓமோனையும் அழித்தது. சிறுதட்டைப் பெருக்க வந்த மருந்து, நலமாயிருந்தவர்க்குச் சிறுதட்டுக் குறைவை உண்டாக்கிச் சென்றது. 1998இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. அதனால் அறிஞர் அடைந்த பாடம், ஓமோனின் வடிவத்தைச் சிறிதும் ஒவ்வாத வேறொரு பொருளைக் கொண்டு, ஓமோன் தட்டும் அதே கதவைத் தட்டவேண்டும் என்பது. அவ்வாறு செய்யப்பட்டவை கிழமைக்கொரு முறை தோலின் கீழ் ஏற்றும் ரொமிப்ளோஸ்டிம் ஊசியும், நாள்தோறும் உட்கொள்ளும் எல்த்ரொம்போபாக் குளிசையும். இரண்டும் 2008ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. பெரும்பாலான நோயாளருக்கு எண்ணிக்கையை ஏற்றித் தருவன இவை. ஆயின் இவை நோயை மாற்றுவனவல்ல, உற்பத்தியைத் தூண்டி ஈடுசெய்வன. ஒரு பகுதியினர் காலப்போக்கில் மருந்தை நிறுத்தியும் நலமாயிருக்கின்றனர். ஏனையோர் நிறுத்தினால் மீண்டும் இறங்கும். குருதி உறைந்து நாளத்தை அடைக்கும் அபாயமும் சிறிதளவு உண்டு. எல்த்ரொம்போபாக் குளிசைக்குப் பாலும் பகை. பாற்பொருள் உண்பதற்கு 2 மணி நேரம் முன்னராவது 4 மணி நேரம் பின்னராவது அதை விழுங்கவேண்டும். காலையிற் பால்தேநீரோடு நாளைத் தொடங்கும் வழக்கமுள்ளவர் இதனைக் கவனியாவிட்டால், விலையுயர்ந்த மருந்து குடலிலேயே வீணாகும்.

புதிய மருந்துகள் வந்தபொழுது மூத்த சிகிச்சை ஒதுங்கிக்கொண்டதா? எண்ணிக்கையில் ஒதுங்கியது, வலிமையில் ஒதுங்கவில்லை. வயிற்றில் சிறு துளைகளிட்டு மண்ணீரலை அகற்றும் முறை 1991 முதல் நடைமுறைக்கு வந்தது. 2004இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மண்ணீரல் அகற்றப்பட்ட 2,623 வளர்ந்த நோயாளரின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தது. அவர்களுள் 66 வீதத்தினருக்குச் சிறுதட்டு எண்ணிக்கை இயல்பு நிலைக்கு மீண்டிருந்தது. வயிற்றைத் திறந்து செய்தவிடத்து 100 பேரில் ஒருவர் இறந்தார். துளை முறையில் 1,000 பேரில் இருவர். ஒரே முறையிற் செய்து முடிந்து, பின் மருந்தே வேண்டாத நலனை மூன்றில் இரு பங்கினருக்குத் தரும் வேறொரு சிகிச்சை இதுவரை வரவில்லை. மாணவன் கஸ்னெல்சன் கண்ட வழியைப் பழமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. ஆயினும் அகற்றிய உறுப்பைத் திரும்ப வைக்க இயலாது. குளிசையை நாளைக்கு நிறுத்தலாம். கத்தியை நேற்றுக்கு நிறுத்த முடியாது.

அமெரிக்கக் குருதியியற் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியிலே இந்த நூறாண்டு வரலாற்றின் முத்திரையைக் காணலாம். முதலாவது, ஸ்டீரொயிட்டைப் படிப்படியாகக் குறைக்கும் காலம் உட்பட 6 கிழமைகளுக்கு மேல் நீட்டுதல் கூடாது என்று அது கூறிற்று. கோட்டிசோனின் தவறான பயன்பாட்டுக்கு இவ்வளவு தெளிவான வரம்பு இடுவதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் சென்றன. அடுத்துச் செய்யத்தக்கவையாக மண்ணீரல் அகற்றல், ரிட்டுக்சிமாப், உற்பத்தித் தூண்டிகள் ஆகிய மூன்றையும் எடுத்து, நீடித்த பயனை நோக்கின் ரிட்டுக்சிமாப்பை மற்றையவற்றுக்குப் பின்னர் வைத்தது. ஆயின் போதிய ஒப்பீட்டாய்வுகள் இல்லாமையால், இப்பரிந்துரைகள் உறுதி குறைந்தவை என்பதையும் அவ்வழிகாட்டி மறைக்கவில்லை. நோயாளி எதனை விரும்புகிறார், எதற்கு அஞ்சுகிறார் என்பதைக் கேட்டே தெரிவு செய்யவேண்டும் என்றது.

கேட்டால் விடைகள் வேறுபடும். வைத்தியசாலை எட்டாத் தொலைவிலே, கைத்தொழிலில் அடிபடும் இளைஞன், கிழமைதோறும் ஊசிக்கு வர இயலாதவன், மண்ணீரலைக் கொடுத்து விடுதலை பெறுவதே மேல் என்பான். ஓராண்டுக்குள் பிள்ளை வேண்டும் என்று எண்ணும் பெண்ணுக்கு ரிட்டுக்சிமாப் பொருந்தாது; அதன்பின் 12 மாதங்கள் கருத்தரித்தலைத் தவிர்க்கவேண்டும். முன்பே காலில் குருதி உறைந்து வருந்திய முதியவருக்கு உற்பத்தித் தூண்டியைக் கொடுக்க வைத்தியர் தயங்குவர். அவருக்குச் சத்திரசிகிச்சையும் எளிதன்று. மருந்தின் விலையைக் குடும்பமே தாங்கவேண்டிய இடத்தில் தெரிவு வேறு. அரசு தாங்கும் நாட்டில் வேறு. எண்ணிக்கை 30,000க்கு மேல் நின்று, குருதிக்கசிவும் இல்லாதவிடத்துச் சிகிச்சையே வேண்டாது விட்டுக் கண்காணித்தலும் ஒரு தெரிவே. எண்ணிக்கை என்னும் இலக்கத்துக்கு வைத்தியம் செய்யலாகாது, குருதி கசியும் மனிதனுக்கே செய்யவேண்டும் என்ற கருத்து இத்துறையிலே மெல்ல மெல்லவே வேரூன்றிற்று.

இரைப்பையிலே வாழும் ஒருவகைக் கிருமியை ஒழித்தபோது சில நோயாளரின் சிறுதட்டுக்கள் ஏறியதை இத்தாலிய வைத்தியர் 1998இல் அறிவித்தனர். யப்பானிலும் அவ்வாறே காணப்பட்டது. எளிய பரிசோதனை, ஓரிரு கிழமை மருந்து. உறுப்பை இழக்கு முன் இதனைப் பார்த்துவிடுதல் நட்டமன்று. அதன்பின்னும் வாயில்கள் திறந்துகொண்டே உள்ளன. மண்ணீரலின் விழுங்கு கலங்களுக்குள்ளே செல்லும் கட்டளையைத் தடுக்கும் பொஸ்தமதினிப் என்னும் குளிசை 2018இலும், அதே கருத்தை வேறொரு புள்ளியிற் பின்பற்றும் ரில்சபுருதினிப் 2025இலும் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டன. மண்ணீரலை உடலில் வைத்துக்கொண்டே அதன் கையைக் கட்டுவது இவற்றின் நோக்கம்.

மண்ணீரலை அகற்றுவதாயின், நோய் தெரிந்த நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு பொறுத்திருக்கும்படி 2019ஆம் ஆண்டின் வழிகாட்டி கூறுகின்றது. சத்திரவைத்தியரின் ஆற்றலில் ஐயமுற்று அவ்வாறு கூறவில்லை. அந்த ஓராண்டுக்குள், எந்த மருந்தின் பெயராலும் அன்றித் தாமாகவே எண்ணிக்கை ஏறி நலமடைவோரும் சிலர் உளர். அவர் யார் என்பதை முதல் நாளிலே சொல்லத்தக்க பரிசோதனை எதுவும் வைத்தியரின் கையில் இல்லை.